கணினி வேதியியலில் பிஎச்.டி. இடம் தேடுவோர் முதலில் செய்ய வேண்டிய சிறு கணக்கு

எங்கள் ஆய்வுக் குழுவில் முனைவர் பட்ட இடம் ஒன்றை அறிவித்தால், வந்து குவியும் விண்ணப்பங்களை முதலில் படிப்பது பேராசிரியர் அல்லர், நான்தான். ஏழு ஆண்டுகளாக இந்த வேலை என் தலையில் இருக்கிறது. எல்லாவற்றையும் படித்து, சலித்து, பத்துப் பேரை அவர் மேசையில் வைக்க வேண்டும். "சிறு வயதிலிருந்தே எனக்கு வேதியியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதமானால் இப்போதெல்லாம் நேரே இரண்டாம் பத்திக்குப் போய்விடுகிறேன். எழுதியவர் பொய் சொல்கிறார் என்று நினைத்து அல்ல. விண்ணப்பிக்கிற அத்தனை பேருக்கும் அதே ஆர்வம் இருக்கிறதே, அதை வைத்து யாரைப் பிரித்தெடுப்பது?

ஒருமுறை வந்த கடிதம் இப்படித் தொடங்கியது: "இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்பாற்றலைக் கணக்கிட்டேன். மோலுக்கு ஏழு கிலோகலோரிக்கு மேல் வந்தது. ஐந்தை ஒட்டி வந்திருக்க வேண்டும். தவறு எங்கே என்று மூன்று நாள் தேடினேன்." அதன் கீழே அரைப் பக்கத்துக்குத் தேடலின் கதை. அந்த மாணவரின் மதிப்பெண்கள் மற்றவர்களைவிடக் குறைவுதான். இருந்தும் அவர் கடிதத்தைப் பத்திலும் மேலாக வைத்தேன். இன்று அவர் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்.

எங்கே விண்ணப்பிப்பது, எப்போது விண்ணப்பிப்பது என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் பலர். அவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சிறு கணக்கை நீங்களே தொடங்கி, நீங்களே முடித்துப் பாருங்கள். எந்தக் குழு உங்களுக்குச் சரி, கடிதத்தில் எதை எழுதுவது, நேர்காணலில் எதைப் பேசுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் அது வழிகாட்டும்.

அந்தச் சிறு கணக்கு

இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் போதும். சாதாரண மடிக்கணினி போதும். இந்தக் கணக்கைச் செய்யும் பிஎஸ்ஐ4, பைஎஸ்சிஎஃப் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். ஆர்கா என்ற மென்பொருளும் கல்வித்துறைப் பயன்பாட்டுக்கு இலவசம். உரிமம் இல்லை, வசதி இல்லை என்று தள்ளிப்போடக் காரணமே கிடையாது.

முதலில் ஒற்றை மூலக்கூற்றின் வடிவத்தைச் சீராக்குங்கள், அதாவது ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் வடிவத்தை மென்பொருளைத் தேடச் சொல்லுங்கள். மொத்த ஆற்றல் ஏறத்தாழ மைனஸ் 76.4 ஹார்ட்ரீ என்று வரும். பிறகு இரண்டையும் ஹைட்ரஜன் பிணைப்பில் நிறுத்திச் சீராக்குங்கள். மைனஸ் 152.8-ஐ ஒட்டி வரும். ஒரு ஹார்ட்ரீ என்பது மோலுக்கு 627.5 கிலோகலோரி. பெருக்கிப் பார்த்தால், மென்பொருள் உங்களுக்குக் கொடுத்த எண் ஏறக்குறைய 96,000 கிலோகலோரி. அதிலிருந்து ஒற்றை மூலக்கூற்றின் ஆற்றலை இரண்டு முறை கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் தேடுகிற பிணைப்பாற்றல்; அது வெறும் 5. ஹார்ட்ரீயில் சொன்னால் 0.008. திரையில் ஓடும் நீளமான எண்ணில் மூன்றாவது தசம இடத்தில்தான் வேதியியலே தொடங்குகிறது. இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு, தன் கையால் கழித்துப் பார்த்துத் திடுக்கிடுவது வேறு.

அடுத்து அந்த வடிவத்தில் அணுக்கள் அதிரும் அதிர்வெண்களைக் கணக்கிடுங்கள். மென்பொருள்கள் கற்பனை அதிர்வெண்ணை மைனஸ் குறியோடு அச்சிடும். அப்படி ஒன்று இருந்தால் உங்கள் வடிவம் பள்ளத்தில் இல்லை, மேட்டைக் கடக்கும் கணவாயில் நிற்கிறது. திரும்பப் போய்ச் சரிசெய்யுங்கள். அதன் பிறகு பேசிஸ் செட்டை, அதாவது எலக்ட்ரான்களை விவரிக்கப் பயன்படும் சார்புகளின் தொகுப்பை, சிறியதிலிருந்து பெரியதாக மூன்று முறை மாற்றி ஓட்டுங்கள். சிறிய செட்டில் பிணைப்பு மிகைபட வலுவாகத் தெரியும். தன்னிடம் போதிய சார்புகள் இல்லாத மூலக்கூறு, பக்கத்து மூலக்கூற்றின் சார்புகளைக் கடன் வாங்கித் தன் ஆற்றலைத் தாழ்த்திக்கொள்கிறது. தனியாக இருக்கும்போது கடன் கொடுக்க ஆளில்லை. இந்தப் பிழைக்கு பாய்ஸ், பெர்னார்டி இருவரும் 1970-இல் கொடுத்த திருத்தம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதையும் செய்துபாருங்கள். நான் சொன்ன மாணவரின் ஏழு, ஐந்தை நோக்கி இறங்கியது இந்த வழியில்தான்.

கடைசியாக ஹார்ட்ரீ-ஃபாக், பி3எல்ஒய்பி, எம்பி2 என்று ஆற்றலைக் கணக்கிடும் தோராய முறைகளை மாற்றி ஒரு சிறு அட்டவணை போடுங்கள். உள்ளீட்டுக் கோப்புகளையும் அட்டவணையையும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் போகாது.

இப்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வாரத்தில் எந்தக் கட்டத்தில் நேரம் போனதே தெரியவில்லை? "இந்த முறை ஏன் தவறுகிறது" என்று சமன்பாடுகளைப் புரட்டத் தொடங்கியிருந்தால் உங்கள் இடம் முறைகளை உருவாக்கும் குழு. அங்கே நாள் முழுதும் நேரியல் இயற்கணிதமும் நிரலும்தான். ஒரு மூலக்கூற்றின் பெயரைக்கூட உச்சரிக்காமல் வாரங்கள் போகும். "இரண்டு மூலக்கூறு சரி, இரண்டாயிரம் இருந்தால்?" என்று தோன்றியிருந்தால், அணுக்களின் நகர்வைச் சிறு சிறு காலப்படிகளாகப் பின்தொடரும் மூலக்கூறு இயக்கவியல் பக்கம் போங்கள். "இந்தத் தண்ணீர் ஒரு வினையில் என்ன செய்கிறது?" என்று மனம் ஓடியிருந்தால் வினையூக்கிகள், வினைவழிகள் என்று பயன்பாட்டுப் பக்கம் நிற்கும் குழுக்கள், அதிலும் சோதனைக்கூடத்தோடு கூட்டு வைத்திருப்பவை. கோப்புகளை ஓட்டவும் சேகரிக்கவும் பைத்தானில் எழுதிய ஸ்கிரிப்டே உங்களுக்குப் பிடித்த பகுதி என்றால் வெட்கப்படாதீர்கள். அந்த ஆளைத் தேடும் குழுக்களும் இருக்கின்றன.

விளம்பரங்களில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். நோபல் பரிசுகளைப் பார்த்தாலே துறையின் அகலம் தெரியும். 1998-இல் வால்டர் கோன், எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணிக்கும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டுக்காகவும் ஜான் பொப்பல் குவாண்டம் வேதியியலின் கணக்கீட்டு முறைகளுக்காகவும் பெற்றார்கள். 2013-இல் கார்ப்லஸ், லெவிட், வார்ஷெல் மூவரும் பெற்றது குவாண்டத்தையும் செவ்வியல் இயற்பியலையும் ஒரே மாதிரியில் இணைத்ததற்காக. 2024-இல் பாதிப் பரிசு புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கும், மறுபாதி புரத அமைப்பைக் கணித்ததற்காக ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும் போனது. இந்த மூன்று பரிசுகளில் ஒன்றுக்கான வேலையில் பழகிய கை, மற்றொன்றின் வேலைக்கு அப்படியே ஒத்துவராது.

செயற்கை நுண்ணறிவு என்ற சொல் இப்போது எல்லா விளம்பரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்காக ஓடவும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். பெஹ்லரும் பாரினெல்லோவும் 2007-இல் நரம்பு வலையமைப்பால் ஆற்றல் பரப்பை, அதாவது அணுக்கள் நகர நகர ஆற்றல் மாறும் விதத்தை, வரைந்து காட்டியதிலிருந்து வளர்ந்த உண்மையான துறை அது. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பயிற்சித் தரவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அடர்த்திச் சார்புக் கணக்குகளிலிருந்துதான். அந்தக் கணக்கில் உள்ள பிழையை வலையமைப்பும் பிசகாமல் கற்றுக்கொள்ளும். இதை ஒப்புக்கொண்டு பேசும் குழு நல்ல குழு. கேள்வியே புரியாதது போல நடந்துகொண்டால் நான் தள்ளி நிற்பேன்.

இடங்கள் எப்படி வருகின்றன

பணம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் மற்றவை தானே விளங்கும். ஒன்று, பேராசிரியர் கையில் ஒரு திட்டத்துக்கான நிதி இருக்கும். அந்தத் திட்டத்துக்கு ஆள் எடுப்பார். தலைப்பு ஏற்கெனவே முடிவாகியிருக்கும். இரண்டு, நீங்களே தேர்வெழுதியோ திட்டம் எழுதியோ உதவித்தொகை வாங்கிக்கொண்டு போவீர்கள். அப்போது தலைப்பில் உங்கள் பேச்சுக்கும் எடை உண்டு. மூன்று, துறையோ ஆய்வுப் பள்ளியோ மொத்தமாக மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும். குழுவைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மூன்றாவது வழிதான் வழக்கம். இளநிலைப் பட்டத்தோடே சேரலாம், ஐந்து ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் ஆகலாம், தொடக்கத்தில் வகுப்பு நடத்தியே சம்பளம் ஈட்ட வேண்டியிருக்கும். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும். ஐரோப்பாவின் பல நாடுகளில் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள், மூன்று அல்லது நான்கு ஆண்டுகள், வேலைக்கு ஆள் எடுப்பது போலவே அறிவிப்பு வரும். அதற்குக் காலம் நேரம் கிடையாது. ஜெர்மனியில் "65 விழுக்காட்டுப் பணியிடம்" என்று பார்த்ததும் மீதி நேரம் ஓய்வு என்று எண்ணிவிடாதீர்கள். 65 என்பது சம்பளக் கணக்கு. ஆய்வுக்குச் செலவாகும் நேரம் நூறுக்குக் குறையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா-கியூரி ஆய்வு வலையமைப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல நாட்டு நிறுவனங்கள் கூட்டாக நடத்துபவை அவை. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஒரு விதி மட்டும் பலரைக் கவிழ்க்கிறது: பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், அந்த நிறுவனம் இருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை செய்திருக்கவோ கூடாது. முதுநிலைப் படிப்பை அதே நாட்டில் இரண்டு ஆண்டுகள் முடித்தவர் ஆசையோடு விண்ணப்பித்து, தகுதிச் சுற்றிலேயே வெளியேறுவார். அவர் பக்கத்து நாட்டு இடத்துக்கு விண்ணப்பித்திருக்கலாம்.

அறிவிப்புகளைத் தேட, ஐரோப்பிய ஆய்வுப் பணியிடங்களுக்கான யூராக்ஸெஸ் தளம் இருக்கிறது. அணு, மூலக்கூறு அளவிலான கணினிக் கணக்கீடுகளுக்காக ஐரோப்பாவில் 1969-இல் தொடங்கிய செகாம் அமைப்பின் பயிலரங்குப் பட்டியலைப் பாருங்கள். இப்போது எதைப் பற்றி யார் பேசுகிறார்கள் என்று அதில் தெரியும். ஆனாலும் நான் நம்புவது பழைய வழியைத்தான். உங்களுக்குப் பிடித்த ஒரு கட்டுரையை எடுங்கள். தொடர்புக்குரிய ஆசிரியர் யார், அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே குழு தொடங்கியிருக்கிறார்கள் என்று பின்தொடருங்கள். புதிதாகத் தொடங்கிய குழுவில் பேராசிரியரே உங்களோடு உட்கார்ந்து நிரலில் பிழை தேடுவார். புகழ்பெற்ற பெரிய குழுவில் அந்த வேலையை என்னைப் போன்ற ஒருவர் செய்வார். இரண்டிலும் நல்லது உண்டு. எது வேண்டும் என்று தெரிந்து போங்கள்.

குழுவைப் படிப்பது

ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆண்டுக் கட்டுரைகளில் மூன்றைப் படியுங்கள். சுருக்கத்தை மட்டும் மேய்ந்துவிட்டு மூடிவிடாதீர்கள். கட்டுரையோடு இணைத்து வெளியிடும் துணைத் தகவல் கோப்பைத் திறந்து பாருங்கள்; குழுவின் குணம் அங்கேதான் வெளிப்படும். மூலக்கூறுகளின் ஆயத்தொலைவுகளைக் கொடுத்திருக்கிறார்களா? வேறொரு முறையில் சரிபார்த்தார்களா? பி3எல்ஒய்பியை அப்படியே எடுத்து அடுக்கடுக்காக உட்காரும் வளையங்களுக்குப் பயன்படுத்தியிருந்தால், மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பான சிதறல் விசைக்குத் திருத்தம் சேர்த்தார்களா? அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டவே ஒட்டாது. இதைக் கவனிக்காத குழுவில் நான்கு ஆண்டுகள் செலவிடுவதற்கு முன் யோசியுங்கள்.

பிறகு அங்கே முடித்த ஒருவரின் ஆய்வேட்டை எடுத்து நன்றியுரையைப் படியுங்கள். நெறியாளரைப் பற்றி இரண்டே வரி, அலுவலக உதவியாளரைப் பற்றி ஒரு பத்தி என்று இருந்தால் அதற்கும் ஒரு பொருள் உண்டு. அங்கே முடித்துப் போனவர்களுக்கும் எழுதுங்கள். முதல் கட்டுரை வர எத்தனை ஆண்டு ஆனது, பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா, நெறியாளரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க முடிந்தது என்ற மூன்றையும் கேளுங்கள். மின்னஞ்சலில் மழுப்புகிறவர்கள் தொலைபேசியில் மனம்விட்டுப் பேசுவார்கள்.

எல்லாரும் கேட்க மறப்பது கணினி நேரம். துல்லியத்துக்கு உரைகல்லாகக் கருதப்படும் கப்பிள்டு கிளஸ்டர் முறையின் கணினிச் செலவு, மூலக்கூற்றின் அளவில் ஏழாம் அடுக்காக ஏறும். மூலக்கூற்றை இரட்டிப்பாக்கினால் 128 மடங்கு. ஒரு மணி நேரத்தில் முடிந்த கணக்கு ஐந்து நாளைத் தாண்டும். மூலக்கூறு இயக்கவியலில் ஒரு படி என்பது 2 ஃபெம்டோவினாடி என்று வைத்தால், ஒரு மைக்ரோவினாடியைப் பார்க்க 50 கோடிப் படிகள் நடக்க வேண்டும். ஆய்வகத்தில் குடுவை எப்படியோ நமக்குக் கணினித் திரள் அப்படி. குழுவுக்குச் சொந்தமான திரள் இருக்கிறதா, பொது மீக்கணினியில் ஒதுக்கீடு உண்டா, வரிசையில் ஒரு வேலை எத்தனை நாள் காத்துக் கிடக்கும் என்று தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் விண்ணப்பதாரரை நான் இரண்டாம் முறை நிமிர்ந்து பார்ப்பேன்.

கடிதம்

நானும் ஒரு காலத்தில் ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பியவன்தான். அதில் ஒன்றில் பேராசிரியரின் பெயரை மாற்றிவிட்டு, மூன்றாம் பத்தியில் "தங்கள் குழுவின் புரத ஆய்வுகள் என்னைக் கவர்ந்தன" என்பதை அப்படியே விட்டுவிட்டேன். அவர் திண்மப் பரப்புகளை ஆராய்பவர். "என் குழுவில் புரதமே கிடையாது, இருந்தாலும் வாழ்த்துகள்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. நாற்பதில் பதில் என்று வந்தது மொத்தமே மூன்று.

அதனால் ஆறு கடிதம் போதும். ஒவ்வொன்றும் தனியாக எழுதப்பட்டிருக்கட்டும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நடுப்பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "தங்கள் கட்டுரையின் துணைத் தகவலில், பெரிய பேசிஸ் செட்டுக்கு மாறும்போது தடையாற்றல் 2 கிலோகலோரி இறங்குவதைப் பார்த்தேன். கரைப்பானைத் தொடர் ஊடகமாகக் கொண்டிருக்கிறீர்கள். இரண்டு கரைப்பான் மூலக்கூறுகளை வெளிப்படையாகச் சேர்த்தால் இது இன்னும் மாறுமா? இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளை வைத்து நான் செய்த சிறு கணக்கில் இத்தகைய நகர்வைப் பார்த்ததால் கேட்கிறேன். கோப்புகளின் இணைப்பு கீழே." இதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை, கவனியுங்கள். உங்கள் கேள்வி அரைகுறையாக இருந்தாலும் பாதகமில்லை. படித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

தெரிந்த மென்பொருள்களைப் பதினைந்து பெயராக அடுக்காதீர்கள். குரோமாக்ஸ் என்ற மூலக்கூறு இயக்கவியல் மென்பொருள் தெரியும் என்று எழுதினால் அதில் எதைச் செய்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு, உங்களோடு வேலை செய்த இளம் ஆசிரியர், வகுப்பில் மட்டும் பார்த்த துறைத்தலைவரைவிட மேல்.

நேர்காணல்

என் முதல் நேர்காணலில் ஒரு வினையின் மாறுநிலையை, அதாவது வினை கடந்தாக வேண்டிய கணவாய் வடிவத்தை, படம் போட்டுக் காட்டினேன். எத்தனை கற்பனை அதிர்வெண்கள் என்று கேட்டார் நரைத்த தலைப் பேராசிரியர் ஒருவர். "இரண்டு" என்றேன், ஏதோ ஒன்றைவிட இரண்டு மேல் என்பது போல. ஒன்று மைனஸ் ஆயிரத்துக்கு மேல். இன்னொன்று மைனஸ் முப்பதைச் சுற்றி. மாறுநிலைக்குச் சரியாக ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் நாக்கு புரளவில்லை. "மென்பொருள் முடிந்துவிட்டது என்று சொன்னது" என்று உளறினேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததில் நியாயம் இருந்தது.

இன்று அதே கேள்வி வந்தால், "இரண்டாவது சிறியது, ஒரு மெத்தில் சுழல்வது போலத் தெரிகிறது. அந்த அசைவின் வழியே வடிவத்தைச் சற்று நகர்த்தி, மறுபடி சீராக்கிப் பார்க்க வேண்டும். இன்னும் செய்யவில்லை" என்பேன். எங்கள் குழுவில் கேட்கும் கேள்விகளும் இந்த ரகம்தான். உங்கள் தடையாற்றலில், அதாவது வினை கடக்க வேண்டிய மேட்டின் உயரத்தில், 1.4 கிலோகலோரி பிழை இருந்தால் அறை வெப்பநிலையில் வினைவேகம் எவ்வளவு மாறும்? பத்து மடங்கு. இதை மனப்பாடமாகச் சொல்பவரைவிட, காகிதத்தில் அடுக்குக்குறிச் சமன்பாட்டை எழுதி மெதுவாக அங்கே வந்து சேர்பவரை எங்களுக்குப் பிடிக்கும். தண்ணீர்க் கணக்கைச் செய்தவருக்கு இவை எதுவும் புதிதாக இராது.

இடம் கிடைத்தபின்

கையெழுத்துப் போடுமுன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிதி எத்தனை மாதங்களுக்கு உறுதி, திட்டம் முடிந்தும் ஆய்வேடு முடியாவிட்டால் என்ன வழி, கல்விக் கட்டணம் யார் பொறுப்பு, நீங்கள் எழுதும் நிரலைத் திறந்த மூலமாக வெளியிட அனுமதி உண்டா. கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். நான்கு ஆண்டு எழுதிய நிரலை விட்டுவிட்டு வெறுங்கையோடு அடுத்த வேலைக்குப் போன நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். சோதனைக்கூடத்தோடு கூட்டு ஆய்வு என்றால், கட்டுரையில் உங்கள் பெயர் எங்கே வரும் என்பதையும் நெறியாளரிடம் முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள்.

கடிதம் அனுப்பி இரண்டு வாரம் ஆகியும் பதில் இல்லை என்றால் ஒரு முறை, ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். முந்தைய மின்னஞ்சலுக்கு அடியிலேயே, இரண்டு வரியில். அதற்கும் பதில் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள். இடையில் கிடைக்கும் நாட்களில் அட்டவணைக்கு ஒரு வரிசை சேர்க்கலாம்: தண்ணீருக்குப் பதில் மெத்தனால்.